மலையில் எண்ணப்பட்ட மறுப்பு

சேலத்திற்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று வாழவந்தி. காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த இம்மலையூர்களுக்குத் தமிழகத்தின் அரசியல் வரலாற்றில் எவரும் பெரிய இடம் ஒதுக்கியதில்லை. ஆயினும் 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இவ்வூர்கள் அடங்கிய ஏற்காடு சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பெயர்களுக்கெல்லாம் கீழே, 'இவர்களுள் எவருக்கும் என் வாக்கு இல்லை' என்று சொல்வதற்கென ஒரு பொத்தான் இருந்தது. தமிழகத்தில் 'நோட்டா' என்னும் அந்த வாய்ப்பைப் பெற்ற முதல் வாக்காளர்கள் இத்தொகுதியினரே.

வாக்காளர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வாக்களித்தனர். மறைந்த உறுப்பினரின் மனைவியான ஆளுங்கட்சி வேட்பாளர் 78,116 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். 4,431 பேர் எவருக்கும் வாக்கில்லை என்ற பொத்தானை அழுத்தியிருந்தனர். பதிவான வாக்குகளில் இது நூற்றுக்கு இரண்டு அளவே. இந்த 4,431 பேரும் வாக்குச்சாவடிக்கு வரிசையில் நின்று வந்து, மறுப்பைப் பதிவு செய்து திரும்பினர். அவர்கள் மறுப்பு எண்ணப்பட்டது, அறிவிக்கப்பட்டது, ஆனால் அதனால் தேர்தல் முடிவில் அணுவளவும் மாற்றம் இல்லை. மக்களாட்சியின் பெருமையும் வறுமையும் இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒருங்கே தெரிகின்றன. சிறியவனின் 'இல்லை'யையும் எண்ணிப் பார்க்கும் ஆட்சிமுறை வேறில்லை. எண்ணிப் பார்த்தபின் அதை எளிதாக ஒதுக்கி வைக்கவும் இம்முறைக்குத் தெரியும். இவ்விரண்டையும் இம்மலையை நடுவில் வைத்து நாம் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

மலைநாட்டு அவை

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். கேரளத்தாரோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளிலேயே இது வழங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பியர் மூவர் புறப்பட்டு வந்து மலைகளைத் தமக்குள் பகிர்ந்து கொண்டனர் என்பது அவர்களது மரபுக் கதை. வாழ வந்தவர்களின் கதையைத் தம் பெயரிலேயே ஒலிக்கும் ஊர்கள் அங்கே இருப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலேயர் வருமுன்னரே இம்மலை 'நாடு'களாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர் என்ற முறையில் தலைமை அமைந்திருந்தது. நிலத்தகராறு, மணமுறிவு, கோவில் திருவிழா ஆகிய அனைத்தும் ஊர் கூடிப் பேசித் தீர்க்கப்பட்டன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதும், எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச்சை நீட்டுவதும் இத்தகைய அவைகளின் இயல்பு. பெரும்பான்மை என்று கைகளை எண்ணி முடிக்கும் அவசரம் அங்கே இல்லை.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய சோட்டாநாகபுரியின் தலைவர் ஜெய்பால் சிங், பழங்குடி மக்களுக்கு மக்களாட்சியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என்றும், அதை அவர்களிடமிருந்தே மற்றவர் கற்க வேண்டும் என்றும் துணிந்து சொன்னார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையையும் நாம் பார்த்தாக வேண்டும். அவையின் தலைமை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. பெண்கள் அவையைக் கேட்டனர். அவையில் முடிவு செய்யவில்லை. கூடிப் பேசுதல் என்னும் மக்களாட்சியின் உயிர் அங்கே இருந்தது. எல்லாரும் சமம் என்னும் அதன் உடல் இன்னும் உருவாகவில்லை.

குடத்தினுள் இட்ட ஓலைகள்

மலையாளிகளின் கதை சுட்டும் அதே காஞ்சிபுரத்திற்கு அண்மையில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நம்மவர் பெருமிதத்தோடு பேசுவது வழக்கம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிகளைப் பகிர்ந்தளித்தனர்.

இக்கல்வெட்டில் நம் நெஞ்சைத் தொடுவது, யார் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பதற்கு அவ்வூரார் வகுத்த விதிகளே. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை; அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதவி வகித்தவனுக்கும் இடமில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவன் குடத்தருகே வரலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த விதிகளை இன்றைய வேட்பாளர் பட்டியலோடு ஒப்பிட்டால் நாம் நாணித் தலைகுனிய நேரிடும்.

ஆனால் அதே கல்வெட்டு, போட்டியிடுவோர்க்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறையறிவும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும் இருத்தல் வேண்டும் என்கிறது. அது ஓர் அந்தணர் குடியிருப்பின் சபை. அந்நிலத்தில் உழுதவர்களின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்பட்டதில்லை. நேர்மைக்கு அவர்கள் வேலி கட்டினர். அதே வேலிக்கு வெளியே பெரும்பாலான மக்களை நிறுத்தியும் விட்டனர்.

ஓலை எடுக்கும் வழக்கத்தைக் காணும்போது கத்தோலிக்கராகிய நமக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. யூதாசின் இடத்திற்கு இருவரை முன்னிறுத்தி, இறைவனிடம் வேண்டிச் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்தனர். சில அதிகாரங்கள் கடந்ததும், கைம்பெண்களின் பந்தி விசாரணையில் முறையீடு எழுந்தபோது, நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் திருத்தூதர்கள் சீடர் கூட்டத்திடமே விட்டனர். புறக்கணிக்கப்பட்டோரின் குறையிலிருந்து அந்தத் தேர்வு பிறந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

தோட்டத்திற்கு ஓர் இடம், மலைக்கு ஏதுமில்லை

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். தோட்டங்கள் பெருகின. மலையின் காடு யாருக்கு என்ற கேள்விக்கு விடை மலையவையில் கிடைக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தின் தாள்களில் கிடைத்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மிகக் கொடிய அடி வாங்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871-இல் எண்ணப்பட்ட மக்கள்தொகை 1881-இல் பெரிதும் குறைந்திருந்தது. மக்கள் மடிந்தனர், அதற்காக ஆட்சியாளர் எவரும் மக்கள்முன் நின்று விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு முதல் தேர்தல் நடந்தது. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர் ஏறத்தாழ 12 லட்சம் பேரே. சொத்தும் வரியும் அவ்வுரிமையின் வாயிற்படிகளாக இருந்தன. அச்சட்டமன்றத்தில் தோட்ட உரிமையாளர்களுக்கென ஓர் இடம் தனியே ஒதுக்கப்பட்டது. அத்தோட்டங்களின் நடுவே வாழ்ந்த பழங்குடியினருக்குத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்றும் இல்லை. காப்பிச் செடி பேச ஒருவர் இருந்தார். அதை நட்ட கைகளுக்காகப் பேச எவரும் இல்லை. எனினும் அதே சட்டமன்றம் 1921-இல் பெண்களுக்கும் வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்து, இந்திய மாகாணங்களுள் முந்திக் கொண்டது.

1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937-இல் நடந்த தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் இடங்கள் 215. அவற்றுள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8. பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 1. கிறிஸ்தவர் கிறிஸ்தவரையே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறை அன்று இருந்தது. நம் முன்னோர் பலருக்கு அது பாதுகாப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் விடுதலைக்குப்பின் அரசியல் நிர்ணய சபையில் நிகழ்ந்ததை நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டும். சபையின் துணைத் தலைவராயிருந்த வங்கக் கிறிஸ்தவர் எச்.சி. முகர்ஜி, சமயச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இடஒதுக்கீடு வேண்டியதில்லை என்ற தீர்மானத்தை 1949 மே மாதம் ஆலோசனைக் குழுவில் தாமே முன்மொழிந்தார். சென்னையிலிருந்து சபைக்குச் சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதற்கு உடன்பட்டார். தனிக்கதவு வழியே நுழைவதை விடுத்து, எல்லாரும் நுழையும் வாயிலின் வழியே நுழைய நம்மவர் முடிவு செய்தனர். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தின் மீது வைக்கப்பட்ட பெரும் நம்பிக்கை அது. அந்நம்பிக்கை காக்கப்படும்வரைதான் மக்களாட்சி தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.

1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். எழுத்தறியாதோருக்காகச் சின்னங்கள் வகுக்கப்பட்டன. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைக்கப்பட்டது. தம் பெயரைச் சொல்ல நாணி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்யக் கேட்ட ஏறத்தாழ 28 லட்சம் வடநாட்டுப் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பக்கம். சொத்துள்ளவனும் இல்லாதவனும், தோட்டத்தின் உடைமையாளரும் அதில் காப்பிப் பழம் பறிப்பவளும், ஆளுக்கொரு வாக்கு என்ற சமநிலை இந்த மண்ணில் அன்றுதான் முதன்முதலாக நிலைபெற்றது.

தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல்

மக்களாட்சியின் முதற்பெரும் வலிமை, அது நல்லவர்களையே தேர்ந்தெடுக்கும் என்பதன்று. தவறான முடிவைக் குருதி சிந்தாமல் மாற்றிக்கொள்ள அது வழி வைத்திருக்கிறது என்பதே. இதற்குச் சேலத்தோடு தொடர்புடைய ஒரு சான்றையே எடுத்துக்கொள்வோம்.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. அறிவாலும் எளிமையாலும் உயர்ந்தவர். 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லாத அந்நிலையில், தேர்தலில் நிற்காத இராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். மக்களின் வாக்கைக் கேளாமலே ஆட்சிக்கு வந்த அவர், 1953-இல் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு அரைநாள் வகுப்பும் மறுபாதியில் பெற்றோர் தொழிலும் என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் தந்தையின் தொழிலுக்கே மகனைக் கட்டிப்போடும் குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது. ஒரு சிறந்த அறிஞரின் முடிவைக் கல்வியறிவு குறைந்த பெற்றோரின் எதிர்ப்பு திருத்தியது. தன் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி அறிஞனைவிட ஏழைத் தாய்க்கு நன்கு தெரியும் என்ற எளிய உண்மையை ஏற்கும் ஆட்சிமுறை இது ஒன்றே.

அதே காமராசரை 1967-இல் விருதுநகர் மக்கள் ஓர் இளைஞரிடம் தோற்கச் செய்தனர். நெருக்கடி நிலையை அறிவித்த இந்திரா காந்தியை 1977-இல் நாட்டு மக்கள் பதவியிலிருந்து இறக்கினர். இம்முடிவுகள் ஒவ்வொன்றும் சரியா தவறா என்று நாம் வாதிடலாம். இறக்கப்பட்டவர் இறங்கிச் சென்றார் என்பதே கருதத் தக்கது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் மற்றொரு வலிமையைச் சுட்டிக் காட்டியுள்ளார். தேர்தலும் கட்டற்ற செய்தித்தாளும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்பது அவர் ஆய்வின் முடிவு. 1943-இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். விடுதலைக்குப்பின் வறட்சிகள் வந்தன. ஆனால் அத்தகைய பேரழிவு வரவில்லை. பசித்தவனின் வாக்கு ஆள்பவனுக்குத் தேவைப்படுகிறது. 1877-இல் சேலத்து மக்களுக்கு இல்லாதிருந்த காவல் அதுவே.

எண்ணிக்கையின் குருட்டுத்தன்மை

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் பார்ப்போம்.

முதலாவது நோய் பணம். 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தபின், வாக்குக்குப் பணம் என்னும் தீமைக்கு அவ்வூரின் பெயரையே சூட்டிவிட்டனர். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பண வழங்கலின் காரணமாகத் தேர்தலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. உறையை நீட்டும் கை குற்றமுடையது என்பதில் ஐயமில்லை. வாங்கும் கையைப் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் இடும் அதே கை அதுவாகவும் இருக்கலாம் அல்லவா?

இரண்டாவது நோய், பெரும்பான்மையே நீதி என்ற மயக்கம். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30-ஆம் நாள் மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் அத்தகைய ஒதுக்கீட்டுக்குப் பணிய மறுத்ததால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த இயலவில்லை; 2006-இல்தான் நடந்தது. சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. அதில் அமரும் மனிதனை ஏற்கும் மனத்தைக் கொடுக்கச் சட்டத்தால் இயலவில்லை. எருசலேமில் ஆளுநன் மாளிகை முற்றத்தில் கூடிய கூட்டமும் ஒரு பெரும்பான்மைதான். பரபாவையே அது தேர்ந்தெடுத்தது. பிலாத்தும் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்ததாகச் சொல்லிக் கைகழுவினான்.

மூன்றாவது குறையைச் சேர்வராயன் மலையிலேயே காணலாம். தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். ஏற்காடு தொகுதி மலையின் பெயரைத் தாங்கியிருப்பினும் அதன் வாக்காளரில் பெரும்பாலோர் மலையடிவாரச் சமவெளியில் வாழ்பவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மலையாளிகள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். மாநிலத்தின் பழங்குடிகளுள் அவர்களே மிகுதியானவர். எனினும் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களிடையே அவர்கள் ஒரு துளி. எண்ணிக்கையால் மட்டுமே அளக்கும் ஆட்சிக்குத் துளியின் தாகம் தெரிவதில்லை.

பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் வழங்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் 1996-இல் இயற்றியது. அது அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அடங்கிய பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழகத்தின் எந்த மலையும் அவ்வட்டவணையில் இடம்பெறவில்லை. ஆகவே கூடிப் பேசும் தொன்மரபு உடைய மக்களுக்கு அம்மரபை மதிக்கும் சட்டத்தின் நிழல் எட்டவில்லை.

ஊராட்சித் தேர்தலும் இடையறாது நடந்ததில்லை. 73-ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் பயனாக 1996 முதல் 2011 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த உள்ளாட்சித் தேர்தல், 2016-இல் தடைப்பட்டது. பழங்குடியினருக்கு உரிய ஒதுக்கீடு முறையாக அமையவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தேர்தல் அறிவிப்பை நீக்கியது. எளியோருக்கு நீதி கேட்ட வழக்கு, தீர்ப்பும் நீதியின்பாற்பட்டதே. ஆனால் குறையைச் சரிசெய்து தேர்தலை நடத்த 2019 டிசம்பர் வரை காலம் பிடித்தது. இடையே மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிர்வகித்தனர். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லத் தெரிந்த முகம் ஒன்று ஊரில் இல்லாமற் போவது சிறிய இழப்பன்று.

மறுப்பின் மதிப்பு

இப்போது 4,431 பேரின் பொத்தானுக்குத் திரும்புவோம். எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதைப் பதிவு செய்ய, 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில் 49-ஓ என்ற ஒரு விதி முன்பே இருந்தது. ஆனால் வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லி, கட்சி முகவர்களின் கண்ணெதிரே பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். ஊரில் வாழ வேண்டிய கூலித் தொழிலாளிக்கு அது நடவாத காரியம். வாக்கின் மறைவு மறுப்பவருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27-இல் தீர்ப்பளித்தது. அதன் விளைவே அப்பொத்தான்.

எல்லா வேட்பாளர்களையும்விட அதற்கே மிகுதியான வாக்குகள் விழுந்தாலும், அடுத்து நிற்கும் வேட்பாளரே சட்டமன்றத் தேர்தலில் வென்றவராவார். மகாராட்டிரமும் அரியானாவும் 2018-இல் தங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில், நோட்டா முந்தினால் மறுதேர்தல் நடத்தலாம் என்று விதி செய்தன. அவ்வழி பரவலாகவில்லை.

அப்படியானால் அந்த மறுப்பு வீணா? நாம் அவ்வாறு கருதவில்லை. அச்சமின்றி, பகையின்றி 'உங்களில் எவரும் போதாது' என்று ஓர் ஏழை அரசியல் கட்சிகளிடம் சொல்ல முடிந்தது. அதே வேளை, அந்த மறுப்பு ஒரு நாளோடு முடிந்துவிட்டால் அதனால் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல வேட்பாளர் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. உத்திரமேரூரார் கேட்ட கணக்கை நாம் ஆண்டு முழுவதும் கேட்டால்தான், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நல்ல பெயர் பட்டியலில் வரும்.

திருச்சபை நடந்து வந்த பாதை

மக்களாட்சியை ஏற்பதில் திருச்சபையும் நீண்ட பாதை நடந்து வந்துள்ளது. பிரெஞ்சுப் புரட்சியின் குருதியைக் கண்ட தலைமுறையினருக்கு மக்களாட்சி என்ற சொல்லே அச்சமூட்டியது. 1832-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அக்காலப் புதுக்கருத்துக்களைக் கடுமையாகக் கண்டித்தார். 1892-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், குடியரசை ஏற்று அதனுள் உழைக்குமாறு பிரெஞ்சுக் கத்தோலிக்கரை அழைத்தார். உலகப்போரின் நெருப்பு இன்னும் அணையாத 1944-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாச் செய்தியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மக்கள் என்பதற்கும் வெறும் கூட்டம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். தன் பொறுப்பை உணர்ந்தோர் மக்கள். பிறர் தூண்டுதலுக்கு ஆடுவோர் கூட்டம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆட்சியில் பங்கேற்பது குடிமக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று கற்பித்தது. 1991-இல் 'நூறாவது ஆண்டு' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கவும் அமைதியான முறையில் மாற்றவும் மக்களுக்கு வழிசெய்வதால் மக்களாட்சியைத் திருச்சபை மதிக்கிறது என்றார். உண்மையும் அறநெறியும் அகன்றால் அதுவே கொடுங்கோன்மையாக மாறும் என்றும் எச்சரித்தார்.

இப்படிப்பினை நம் வீட்டு வாசலுக்கும் பொருந்தும். தம் துறவு மடங்களில் முக்கியமான முடிவெடுக்குமுன் எல்லாரையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்றும், இளையவருக்கும் இறைவன் நல்லதை வெளிப்படுத்துவதுண்டு என்றும் புனித ஆசீர்வாதப்பர் விதித்தார். நம் பங்குப் பேரவைகளிலும் அன்பியங்களிலும் இளையவர் பேசுகின்றனரா? பெண்கள் பேசுகின்றனரா? பேரவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது சாதியை எண்ணாமல் ஆளை எண்ணுகிறோமா? கோவில் திருவிழாக் கணக்கு எல்லாரும் காணும்படி வைக்கப்படுகிறதா? பங்கில் பழகாத பண்பை நாட்டில் எதிர்பார்ப்பது முறையாகாது.

மோசே தனியொருவராக மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்தபோது, மாமனார் இத்திரோ அவருக்கு நல்வழி கூறினார். கடவுளுக்கு அஞ்சுவோரும் கையூட்டை வெறுப்போருமான மனிதரை மக்களிடையே கண்டுபிடித்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள் என்றார். அத்தகையோரைக் கண்டுபிடிப்பது மோசேயின் வேலை மட்டுமன்று. இன்று அது நம் ஒவ்வொருவரின் வேலை.

அதற்கான இடமும் நம்மருகிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். பயனாளிகள் பட்டியல் அங்கே ஒப்புதல் பெற வேண்டும். அந்நாட்களுள் மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். ஆகஸ்ட் 15 அன்னை மரியாவின் விண்ணேற்பு விழா. அக்டோபர் 2 காவல் தூதர்களின் நினைவு நாள். மூன்று நாளும் நாம் கோவிலுக்குச் செல்கிறோம். திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஊராட்சி மன்றத்தின் முன் விரித்த பந்தலில் சிறிது நேரம் அமர்ந்து, சென்ற ஆண்டுக் குடிநீர்க் கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டாலும் போதும். வலியோரைத் தாழ்த்தி எளியோரை உயர்த்தும் இறைவனைப் போற்றிய அன்னையின் விழாவை அதைவிடத் தகுதியாக எப்படிக் கொண்டாட முடியும்?